நிரூபிக்க வேண்டியவர் யார்?

பழி சுமந்தவரே தம்மை நிரபராதி என்று மெய்ப்பிக்க வேண்டும் என்பது ஊர் வழக்கு. பழி சொன்னவரே அதை மெய்ப்பிக்க வேண்டும் என்பது சட்டத்தின் கட்டளை. இவ்விரண்டுக்கும் நடுவே எத்தனையோ குடும்பங்கள் நசுங்கிக்கொண்டிருக்கின்றன.

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், பச்சையாற்றின் நீரால் நெல்லும் வாழையும் தழைக்கும் களக்காட்டிலே, வானளாவிய ராஜகோபுரத்துக்குப் பின்னே கோமதி அம்மையுடன் எழுந்தருளியிருக்கும் இறைவனுக்குச் சத்தியவாகீசுவரர் என்று திருநாமம். மெய்யான வாக்குக்கு அதிபதி என்னும் பெயரால் தெய்வத்தைத் தொழுத ஒரு ஜனசமூகம், மனிதனுடைய வாக்கு எவ்வளவு நன்மைக்கும் எவ்வளவு நாசத்துக்கும் காரணமாகக் கூடும் என்பதை ஆழ்ந்து உணர்ந்திருந்தது என்று கொள்வதில் தவறில்லை. ஆயினும் அந்தச் சந்நிதியைச் சுற்றிய வீதிகளிலும், நெல்லைச் சீமையின் மற்ற எல்லா ஊர்களின் வீதிகளிலும், நாள்தோறும் சொல்லப்படும் சொற்களில் எத்தனை சொற்கள் கண்டு சொன்னவை, எத்தனை கேட்டுச் சொன்னவை, எத்தனை கேளாமலே கற்பித்துச் சொன்னவை என்று யாராவது கணக்கெடுக்க முற்பட்டால், அந்தக் கணக்கு நமக்குக் கௌரவம் தருவதாய் இராது.

பேச்சு நடக்கும் வழி

திருநெல்வேலி மாவட்டத்துக் கிராமங்களில் பீடி சுற்றுவது பெண்களின் பிரதானமான வீட்டுத் தொழில். பிற்பகல் வேளையிலே திண்ணையில் நான்கைந்து பெண்கள் மடியில் தட்டை வைத்துக்கொண்டு, நனைத்த இலையை அளவாக வெட்டி, தூளை நிரப்பி, சுருட்டி, நூல் கட்டிப் போடுகையில், கைகள் தம் போக்கில் இயங்க, வாய்க்கு ஓய்வு மிகுதி. அங்கே நிகழும் சம்பாஷணைகளில் பெரும்பாலானவை அன்பும் அனுதாபமும் நிறைந்தவை. ஒருத்தியின் துன்பம் நால்வரின் துன்பமாகிக் குறையும் இடம் அதுவே. ஆனால் எப்பொழுதாவது இப்படியும் ஒரு பேச்சு எழுகின்றது:

“ஏட்டி, மேலத்தெரு பிள்ளைக்குப் பாத்த மாப்பிள்ளை வீட்டுக்காரவ பின்வாங்கிட்டாவளாம்லா, தெரியுமா?”

“ஏன்க்கா, என்னவாம்?”

“என்னத்தையோ சொல்லுதாவ. நமக்கு எதுக்கு? நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிராத.”

இந்த மூன்று கூற்றுகளை நிதானமாக ஆராய்ந்து பார்க்க வேண்டும். இவற்றிலே குற்றச்சாட்டு என்று ஒன்று இல்லை. குற்றம் இன்னது என்று கூறப்படவில்லை. கூறியவர் இன்னார் என்றும் தெரியவில்லை. சொன்னவளோ தான் சொல்லவில்லை என்று முன்கூட்டியே விலகிக்கொண்டாள். இருந்தும், அந்தத் திண்ணையிலிருந்து எழுந்து போகும் ஒவ்வொருத்தியும், சொல்லாமல் விட்ட அந்த இடத்தைத் தன் கற்பனைக்கு ஏற்றவாறு நிரப்பிக்கொண்டு போகிறாள். மறுநாள் காலையில் வாழைத்தார் ஏலம் நடக்கும் இடத்திலும், டீக்கடை பெஞ்சிலும், நாங்குநேரிக்குப் போகும் பஸ்ஸிலும் அது உருவமும் நிறமும் பெற்று, பெயரும் தேதியும் சேர்ந்து, நேரில் பார்த்தவர் உண்டு என்ற நிலைக்கு வந்துவிடுகின்றது. யாராவது ஒருவர் தயங்கினால், “நெருப்பில்லாமல் புகையுமா அண்ணாச்சி?” என்ற ஒரே கேள்வி அத்தயக்கத்தை அடக்கிவிடுகின்றது.

இதைவிடக் கொடியது மௌனத்தால் செய்யும் அபவாதம். சம்பந்தம் பேச வந்தவர்கள் தெருமுனைக் கடையில் நின்று, “பிள்ளை எப்படி?” என்று விசாரிக்கும்பொழுது, கடைக்காரர் சற்று நிறுத்தி, “எனக்கு ஒண்ணும் தெரியாது, வேற யார்கிட்டயாவது கேட்டுக்கிடுங்க” என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டால் போதும், ஒரு பொய்யும் பேசாமல் ஒரு பெண்ணின் வாழ்வைக் குலைத்தாயிற்று. கையெழுத்தில்லாத மொட்டைக் கடிதம் இதே வேலையைத் தபால் மூலம் செய்கின்றது. அனுப்பியவர் யார் என்று தெரியாத கடிதத்தைக் கிழித்து எறிய வேண்டியது விவேகம் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் தம் வீட்டுக்கு அது வரும்பொழுது படித்து, மடித்து, பெட்டியில் பத்திரப்படுத்துவார்கள்.

இதன்பின் நிகழ்வது என்ன? பழி சொன்னவரைத் தேடி எவரும் போவதில்லை. பழிக்கு ஆளான பெண்ணின் தகப்பனாரே வீடு வீடாக ஏறி இறங்கி விளக்கம் சொல்ல வேண்டியவராகிறார். “அப்படியானால் கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணு” என்று அவரைத்தான் கேட்கிறார்கள். ஆதாரம் காட்டும் பாரம் முழுவதும், ஆதாரமின்றித் தாக்கப்பட்டவரின் தோளிலேயே இறங்குகின்றது. அவதூறு என்னும் தீமையின் உயிர்நிலை இங்கேதான் இருக்கின்றது என்பது என் துணிபு. பொய் சொல்பவர்கள் எக்காலத்திலும் சிலரே. அந்தப் பொய்யைப் பொய்யென்று காட்டும் கடமையைப் பாதிக்கப்பட்டவர்மீது சுமத்தும் மக்கள்தாம் பலர்.

உலகத்துக்கு நிரூபித்தல்

திருவள்ளுவர் புறங்கூறாமையைப் பற்றிய அதிகாரத்தை அரசியலில் வைக்கவில்லை, துறவறத்திலும் வைக்கவில்லை; இல்லறத்தில் வைத்தார். அதை அடுத்து வருவது பயனில சொல்லாமை. அண்டை வீட்டாரோடு வாழும் வாழ்க்கையின் ஒழுக்கங்களுள் ஒன்றாக நாவடக்கத்தை அவர் கருதினார் என்பது இந்த வைப்பு முறையாலேயே புலனாகும். அதே நூலின் காமத்துப்பாலிலோ, ஊரார் பேச்சே காதலர்க்கு ஊக்கமாய் அமைவதைக் கூறும் அலரறிவுறுத்தல் என்னும் அதிகாரமும் இருக்கின்றது. ஊர்ப் பேச்சின் இருமுகங்களையும் நம் முன்னோர் அறியாதவர்களல்லர்.

எனினும் ஊர்ப்பேச்சின் கொடுமுகத்தை நம் காலத்துத் தமிழில் மிகத் தீர்க்கமாகக் காட்டியவர் நெல்லைச் சீமையின் பெரும் எழுத்தாளராகிய புதுமைப்பித்தனே. 1943-இல் வெளிவந்த அவருடைய ‘சாபவிமோசனம்’ என்னும் கதையில், கல்லாயிருந்து பெண்ணாகிய அகலிகை, கணவனாலும் அவதாரபுருஷனாலும் மன்னிக்கப்பட்ட பின்னும், மற்றப் பெண்களின் பார்வைக்கும் விலகலுக்கும் ஆளாகிறாள். இலங்கையிலிருந்து மீண்ட சீதை தீக்குளித்த செய்தியைச் சீதையின் வாயிலாகவே கேட்டபொழுது, உள்ளத்துக்குத் தெரிந்த உண்மையை உலகத்துக்கும் நிரூபித்தாக வேண்டும் என்ற அந்த நியதியைத் தாங்க மாட்டாமல் அவள் மறுபடியும் கல்லாகிவிடுகிறாள். உலகம் நிரூபணம் கேட்கின்றது. அதுவும் பழிக்கப்பட்டவளிடமே கேட்கின்றது. எத்தனை முறை நிரூபித்தாலும் திருப்தியடையாமல் கேட்கின்றது. உத்தர காண்டத்துச் சீதை தீக்குளித்த பிறகும் காட்டுக்கு அனுப்பப்பட்டதற்கு ஊர்ப்பேச்சைத் தவிர வேறு காரணம் இல்லை.

ஒரு பத்திரிகையும் ஒரு கொலையும்

புதுமைப்பித்தன் அக்கதையை எழுதிய அதே ஆண்டில், சென்னையிலே சி. என். லட்சுமிகாந்தன் என்பவர் ‘சினிமா தூது’ என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். நடிகர் நடிகையரின் அந்தரங்க வாழ்க்கையைப் பற்றிய வம்புகளே அதன் சரக்கு. எழுதாமல் இருப்பதற்கும் பணம் கிடைக்கும் என்பதை அந்தப் பத்திரிகை கண்டுகொண்டது என்று அக்காலத்தைப் பற்றி எழுதியவர்கள் கூறுகிறார்கள். நடிகர் எம். கே. தியாகராஜ பாகவதர், நாகர்கோவில் தந்த கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன், டைரக்டர் ஸ்ரீராமுலு நாயுடு ஆகியோர் சென்னை மாகாண கவர்னர் ஆர்தர் ஹோப்பிடம் முறையிட்டதன்பேரில் அப்பத்திரிகையின் லைசென்ஸ் ரத்தாயிற்று. ஆயினும் லட்சுமிகாந்தன் ஓயவில்லை. ‘இந்து நேசன்’ என்ற பெயரில் அதே காரியத்தைத் தொடர்ந்தார். வாங்கிப் படித்தவர்கள் இருந்தமையால் அவர் தொடர்ந்தார் என்பதை நாம் மறக்கலாகாது.

1944-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 8-ஆம் தேதி, வேப்பேரியில் கைரிக்‌ஷாவில் சென்றுகொண்டிருந்த லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டு, மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்தார். அந்தக் கொலையின் சதியில் பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் பங்கு உண்டு என்று குற்றம் சாட்டப்பட்டது. மூன்று தீபாவளிகளைக் கண்ட ‘ஹரிதாஸ்’ படம் திரையில் ஓடிக்கொண்டிருக்க, அதன் கதாநாயகராகிய பாகவதர் சிறையில் இருந்தார். 1945-இல் ஜூரிகளின் தீர்ப்பின்படி இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அவர்களோடு குற்றம் சாட்டப்பட்டிருந்த ஸ்ரீராமுலு நாயுடு விடுதலையானார். பின்னர் வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, மீண்டும் சென்னை ஹைகோர்ட்டுக்குத் திருப்பப்பட்டு, 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர்கள் என விடுவிக்கப்பட்டார்கள். குத்தியவர் யார், குத்தத் தூண்டியவர் யார் என்பது இன்றளவும் முடிவாகவில்லை.

இந்த வழக்கைப் பலர் ஒரு துப்பறியும் கதையாகவே சொல்லி வந்திருக்கின்றனர். ஆனால் அதன் பாடம் வேறு. வம்பு எழுதிப் பிழைத்த மனிதர் ஒருவர் உயிரிழந்தார். அந்த மரணம் எவ்வகையிலும் நியாயப்படுத்தத் தக்கதன்று. வம்புக்கு ஆளான இரு கலைஞர்கள் தங்கள் வாழ்வின் உச்சியில் கிட்டத்தட்ட இரண்டரை ஆண்டுகளை இழந்தார்கள். கிருஷ்ணன் மீண்டும் எழுந்து நடித்து 1957-இல் காலமானார். பாகவதருடைய பழைய பிரகாசமோ திரும்பவே இல்லை, 1959-இல் நாற்பத்தொன்பதாம் வயதில் அவர் மறைந்தார். நீதிமன்றம் அவர்களை விடுவித்தும், எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும், “ஆனாலும் நடந்தது என்னவோ” என்று தலையசைத்துப் பேசுவோர் ஒழிந்தபாடில்லை. விடுதலைத் தீர்ப்புக்கூட ஊரார் கேட்கும் நிரூபணத்துக்குப் போதாதாயிற்று.

ஜெர்மானியர் வகுத்த வழி

இந்த இடத்தில் கடல் கடந்து ஒரு தேசத்தின் சட்டத்தை நோக்குவது பயன்தரும். ஜெர்மனியின் தண்டனைச் சட்டம் 1871-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. மானத்துக்கு விளைக்கும் கேட்டை அது வகை பிரித்துத் தனித்தனிப் பிரிவுகளில் வைத்திருக்கின்றது. இழித்துரைப்பது 185-ஆம் பிரிவு. பொய்யென்று அறிந்தே பொய் பரப்புவது 187-ஆம் பிரிவு. பகிரங்கமாகச் செய்தால் ஐந்தாண்டு வரை சிறை விதிக்கலாம். இவ்விரண்டுக்கும் இடையில் இருக்கும் 186-ஆம் பிரிவே நம் கவனத்துக்குரியது. ஒருவரை இழிவுபடுத்தத் தக்க செய்தியை ஒருவன் கூறினாலும் சரி, பிறர் கூறியதை எடுத்துப் பரப்பினாலும் சரி, அது உண்மையென்று நிரூபிக்கப்படாவிடில் அவன் குற்றவாளி. அது பொய்யென்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. “நான் கேட்டதைத்தான் சொன்னேன்” என்று கூறி அவன் தப்ப முடியாது.

களக்காட்டுத் திண்ணையில் “என்னத்தையோ சொல்லுதாவ” என்ற பேச்சுக்கு இடும் கடிவாளம் இதைப்போல் வேறொன்று இல்லை. ஊரார் பாதிக்கப்பட்டவரின் தோளில் ஏற்றும் பாரத்தை அந்தச் சட்டம் இறக்கி, பேசியவரின் தோளில் ஏற்றுகின்றது. அதே சமயம், தன் நியாயமான உரிமையைக் காப்பதற்காகவோ, முறைப்படி புகார் செய்யவோ, கடமையின் காரணமாகவோ ஒருவர் சொன்ன சொல்லுக்கு 193-ஆம் பிரிவு அடைக்கலம் தருகின்றது. ஆகவே, அக்கிரமம் கண்டு முறையிடுபவர் அஞ்ச வேண்டியதில்லை.

இன்னொரு பிரிவு, பாகவதரையும் கலைவாணரையும் நினைக்கையில் நெஞ்சைத் தொடுகின்றது. 190-ஆம் பிரிவின்படி, ஒருவர் ஒரு குற்றத்திலிருந்து நீதிமன்றத்தால் இறுதியாக விடுவிக்கப்பட்ட பின்னர், அக்குற்றத்தை அவர் செய்தார் என்று பேசுபவன் அதை நிரூபிக்க முன்வந்தாலும் நீதிமன்றம் கேட்காது. நியாயஸ்தலம் துடைத்த பழியை வீதி மறுபடியும் பூச அந்நாட்டில் அனுமதியில்லை. 200-ஆம் பிரிவோ, பகிரங்கமாக அவமதிக்கப்பட்டவர் விரும்பினால் தண்டனைத் தீர்ப்பையும் பகிரங்கமாக வெளியிட வேண்டும் என்கின்றது. நாலு பேர் காதில் விழுந்த பழி, நாலு பேர் காதில் விழவே நீங்க வேண்டும் என்ற இந்தக் கொள்கை எவ்வளவு நேர்மையானது!

இவற்றோடு, எளியோருக்கு மிகவும் உபயோகமான ஒரு ஸ்தாபனமும் அங்கே உண்டு. 1827-ஆம் ஆண்டு முதல் பிரஷ்ய ராஜ்யத்தில் வேரூன்றிய சமரசக்காரர் பதவியே அது. வக்கீலும் அல்லாத, நீதிபதியும் அல்லாத, ஊரில் மதிப்புள்ள ஒரு சாதாரணப் பிரஜை கௌரவ ஊழியமாக அப்பதவியை வகிக்கிறார். ஒரே ஊரில் வசிக்கும் இருவரிடையே அவமதிப்பு வழக்கு எழுந்து, பாதிக்கப்பட்டவர் தாமே வழக்காட முற்பட்டால், முதலில் இச்சமரச முயற்சி நடந்து தோற்றிருக்க வேண்டும் என்பது பொது விதி. கதவை மூடிய அறையில் இருவரையும் அமர்த்திப் பேசி, மன்னிப்பைப் பெற்றுத் தருவதே அவருடைய வேலை.

இத்தனை ஏற்பாடுகள் இருந்தும் அந்தத் தேசம் அவதூறிலிருந்து விடுபட்டுவிடவில்லை. நோபல் பரிசு பெற்ற ஹைன்ரிஷ் போல் 1974-இல் எழுதிய ‘காத்தரீனா புளூமின் இழந்த மானம்’ என்னும் நாவலில், வீட்டுவேலை செய்து கௌரவமாக வாழும் ஒரு பெண், தான் ஓர் இரவு அறிந்த மனிதனைப் போலீஸார் தேடியதன் காரணமாக, வம்புப் பத்திரிகை ஒன்றின் வாயில் விழுகிறாள். நோயாளித் தாய் முதல் பழைய கணவன் வரை எவர் சொல்லையும் திரித்து எழுதும் நிருபரை முடிவில் அவளே சுட்டுக் கொல்கிறாள். சென்னையில் நிகழ்ந்ததற்கு முப்பது ஆண்டுகளுக்குப் பின், அதைப் பற்றி ஒன்றும் அறியாத ஒருவர் எழுதியது இது. பழிக்கும் உரிமையை வியாபாரமாக்கினால் முடிவில் இரத்தம் சிந்தும் என்ற உண்மைக்கு வேப்பேரியும் ஜெர்மானிய நகரமும் ஒன்றே.

நம்மிடம் உள்ள சட்டம்

நம்மிடம் சட்டம் இல்லை என்று எண்ண வேண்டா. 1860-இல் இயற்றிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 499-ஆம் பிரிவு, நான்கு விளக்கங்களோடும் பத்து விதிவிலக்குகளோடும் மானநஷ்டத்தை வரையறுத்தது. 500-ஆம் பிரிவு இரண்டாண்டு வரை வெறுங்காவல் விதித்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவாக அது தொடர்கின்றது; சமூக சேவை செய்யும்படி பணிக்கும் தண்டனையும் புதிதாகச் சேர்ந்திருக்கின்றது. பழியை உண்டாக்குகிறவரோடு வெளியிடுகிறவரையும் நம் சட்டம் சேர்த்தே பிடிக்கின்றது. விதிவிலக்கைக் கோருபவரே அதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். சொன்னது உண்மை என்பது மட்டும் போதாது, அதைச் சொன்னது பொதுநன்மைக்காகவும் இருக்க வேண்டும் என்பதில் நம் சட்டம் ஜெர்மானியச் சட்டத்தைவிடக் கடுமையானது. இறந்தவர்மீது சுமத்தும் பழியும், உயிரோடிருக்கும் உறவினர் மனத்தைப் புண்படுத்தும் நோக்கம் உடையதாயின், குற்றமே.

நம் சென்னை ஹைகோர்ட்டு இவ்விஷயத்தில் பெருமைப்படத்தக்க ஒரு தீர்ப்பை 1884-லேயே அளித்திருக்கின்றது. அக்காலத்து ஆங்கிலச் சட்டப்படி, வாயால் சொன்ன பழிக்கு நஷ்டஈடு பெற வேண்டுமானால், சில வகைகள் நீங்கலாக, பண நஷ்டம் ஏற்பட்டதென்று காட்டியாக வேண்டும். பார்வதி எதிர் மன்னார் என்ற வழக்கில், ஒரு பெண்ணைப் பார்த்து அவள் முறைப்படி மணந்த மனைவியல்லள் என்று பழித்தது விசாரணைக்கு வந்தபொழுது, அந்த ஆங்கில விதிக்கு நியாயமான அடிப்படை இல்லை, அதை இந்த நாட்டு நீதிமன்றங்கள் ஏற்க வேண்டியதில்லை என்று ஹைகோர்ட்டு தீர்ப்பளித்தது. கௌரவத்தின் நஷ்டமே நஷ்டம். அதை ரூபாய்க் கணக்கில் காட்டும்படி ஒரு பெண்ணை வற்புறுத்தக் கூடாது என்பது அதன் உட்கருத்து.

ஆயினும், களக்காட்டுப் பெண் ஒருத்தி நாங்குநேரி நீதிமன்றப் படியேற வேண்டுமானால் எதிர்ப்படும் இடர்கள் பல. நஷ்டஈட்டு வழக்கை ஓராண்டுக்குள் தொடுக்க வேண்டும். கேட்கும் தொகைக்கேற்ப ஸ்டாம்புக் கட்டணம் செலுத்த வேண்டும். இவற்றினும் பெரிதாக, தன்னைப் பற்றிச் சொன்ன இழிசொல் இன்னது என்று மனுவில் எழுத்தெழுத்தாக எழுத வேண்டும். எதை யாரும் உச்சரிக்கலாகாது என்று அவள் நினைக்கிறாளோ, அதைத் தானே உச்சரித்தாக வேண்டிய நிர்ப்பந்தம். அதனாலேயே பெரும்பாலோர் வாய்மூடி அழுது தீர்க்கின்றனர்.

அரசன் கையில் அதே ஆயுதம்

இவ்வளவு சொன்ன பிறகு, எதிர்ப்பக்கத்தையும் அதே அழுத்தத்தோடு சொல்லாவிட்டால் அது நேர்மையாகாது. அவதூறைத் தண்டிக்கும் சட்டம், அதிகாரத்தில் இருப்பவன் கைக்குப் போனால், அதைவிடப் பெரிய தீமை ஒன்றைச் சிருஷ்டிக்கின்றது. இதற்கும் ஜெர்மனியே சாட்சி. 1933 மார்ச்சில் ஓர் அவசர உத்தரவாலும், 1934 டிசம்பர் 20-இல் ஒரு தனிச் சட்டத்தாலும், அரசையும் நாஜிக் கட்சியையும் அதன் தலைவர்களையும் பற்றித் தீய பேச்சுப் பேசுவது குற்றமாக்கப்பட்டு, அத்தகைய வழக்குகளை விசாரிக்கத் தனி நீதிமன்றங்கள் அமைக்கப்பட்டன. மதுக்கடையில் சொன்ன ஒரு சொல்லுக்காகவும் அண்டை வீட்டாரிடம் கூறிய ஒரு முணுமுணுப்புக்காகவும் மனிதர்கள் சிறை சென்றார்கள்; காட்டிக் கொடுத்தவர்களும் அந்த அண்டை வீட்டாரே. அதே காலத்தில் யூதர்கள்மீது ‘டெர் ஷ்டூர்மர்’ பத்திரிகை வாரந்தோறும் சுமத்திய கோரமான அபவாதங்களுக்கோ தடையே இல்லை. எளியவரை வலியவர் பழிக்கலாம், வலியவரை எளியவர் விமரிசிக்கலாகாது என்ற தலைகீழ் நியாயம் அங்கே ஆட்சி செய்தது.

நம் நாட்டில் அந்த அளவு நேரவில்லை. ஆனாலும் எச்சரிக்கைக்குரிய நிகழ்ச்சிகள் உண்டு. 2011-க்கும் 2016-க்கும் இடையே தமிழ்நாட்டு அரசு பத்திரிகைகள்மீதும் எதிர்க்கட்சியினர்மீதும் இருநூறுக்கு மேற்பட்ட அவதூறு வழக்குகளைத் தொடர்ந்தது. பத்திரிகையாளர்கள்மீது தொடர்ந்த பல வழக்குகளை 2020 மே மாதத்தில் சென்னை ஹைகோர்ட்டு ஒன்றாக ரத்துச் செய்தது. அதற்கு முன்பே, 1994-இல் நக்கீரன் பத்திரிகையாசிரியர் தொடுத்த வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு, தனிமனிதரின் அந்தரங்கத்துக்கு உள்ள உரிமையை உயர்த்திப் பிடித்துக்கொண்டே, அரசு என்னும் அமைப்புக்கு மானநஷ்டத்துக்காக நஷ்டஈட்டு வழக்குத் தொடர உரிமையில்லை என்று வரம்பு கட்டியிருந்தது. நடிகை குஷ்பு 2005-இல் ஒரு பேட்டியில் தெரிவித்த அபிப்பிராயத்துக்காக அவர்மீது தொடுத்த 23 புகார்களை 2010 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு தள்ளுபடி செய்தபொழுது, குறிப்பிட்ட ஒருவரைச் சுட்டாத கருத்து எவர் மனத்தைப் புண்படுத்தினும் மானநஷ்டம் ஆகாது என்பதைத் தெளிவுபடுத்தியது. 2016 மே 13-இல், மானநஷ்டத்தைக் குற்றமாகவே வைத்திருப்பது செல்லும் என்றும் அதே நீதிமன்றம் கூறியிருக்கின்றது. தனிமனிதனுடைய மானத்துக்குக் காவல், அரசின் தவற்றைப் பேசும் வாய்க்கும் காவல் என்னும் இரண்டையும் ஒருங்கே பேணுவதே நியாயமான நெறி.

ஒரு விரல் தட்டலில்

திண்ணைப் பேச்சு ஊரெல்லை தாண்ட ஒரு நாளாவது ஆயிற்று. இன்று அதற்கு ஒரு விநாடி போதும். 2018 மே மாதத்தில், வடநாட்டிலிருந்து குழந்தை கடத்துவோர் வந்திருக்கிறார்கள் என்ற வதந்தி வாட்ஸ்அப் மூலம் வட தமிழ்நாட்டு மாவட்டங்களில் பரவியது. மே 9-ஆம் தேதி, திருவண்ணாமலை மாவட்டத்துப் போளூருக்கு அருகே, சென்னையிலிருந்து உறவினர்களோடு குலதெய்வம் கும்பிட வந்த ஒரு மூதாட்டி, வழியில் கண்ட குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். அவ்வளவே அவர் செய்தது. சூழ்ந்துகொண்ட கூட்டம் அவரை அடித்தே கொன்றது. உடன் வந்தவர்கள் படுகாயமுற்றனர். தாம் யார் என்பதை நிரூபிக்கும் அவகாசம்கூட அந்த மூதாட்டிக்குக் கிடைக்கவில்லை. அவ்வாண்டு ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே சமயத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் அனுப்ப முடியாதபடி கட்டுப்படுத்தியது. ஆனால் அனுப்பும் விரலைக் கட்டுப்படுத்த எந்த இயந்திரத்தாலும் ஆகாது. அன்று அச்செய்தியை அனுப்பிய ஆயிரமாயிரம் பேரில் ஒவ்வொருவரும், குழந்தைகளின் நலம் கருதியே அனுப்பினோம் என்றுதான் சொல்லியிருப்பார்கள். நல்லெண்ணம் என்பது, விசாரியாமல் சொல்வதற்கு அனுமதிச் சீட்டு ஆகாது.

செய்யத்தக்கவை

முதலாவது, எளியவர் அணுகத்தக்க பரிகாரம் வேண்டும். 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்கீழ் வட்டந்தோறும் சட்டப் பணிகள் குழு இருக்கின்றது. மானநஷ்டம் சமாதானம் செய்துகொள்ளத்தக்க குற்றம். ஜெர்மானியரின் சமரசக்காரரைப் போல, ஊரில் மதிப்புப் பெற்ற ஆண்களும் பெண்களும் பயிற்சி பெற்று, கதவை மூடிய அறையில், கட்டணமின்றி, இத்தகைய வழக்குகளைக் கேட்க ஏற்பாடு செய்வது சாத்தியமே. ஆலமரத்தடியில் நூறு பேர் முன்னிலையில், ஜாதிப் பெரியவர்கள் கூடி ஒரு பெண்ணின் ஒழுக்கத்தை விசாரிப்பது சமரசமன்று. அது இரண்டாவது அவதூறு.

இரண்டாவது, பழி சொன்ன இடத்திலேயே பழி நீங்க வேண்டும். ஒருவர் வீட்டுக்குள் வந்து தனியே கேட்கும் மன்னிப்பு, வீதியில் கெட்ட பெயரை மீட்டுத் தராது. எந்தத் திண்ணையில், எந்தக் குழுவில், எந்த டீக்கடையில் அந்தப் பேச்சு எழுந்ததோ, அந்த இடத்திலே, அந்த மனிதர்கள் முன்னிலையிலே, “நான் சொன்னதற்கு ஆதாரம் இல்லை” என்று சொல்லச் செய்வதே மன்னிப்பின் இலக்கணமாக வேண்டும்.

மூன்றாவது, கேட்பவர் கடமை. அவதூறு இருவர் சேர்ந்து செய்யும் தொழில். காது கொடுப்பவர் இல்லையேல் வாய்க்கு வேலையில்லை. “நீங்க கண்ணால பாத்தீயளா அண்ணாச்சி? யாரு சொன்னா? அவங்ககிட்ட நேர்ல கேட்டீயளா?” என்ற மூன்று கேள்விகளை மரியாதையோடு, ஆனால் விடாமல் கேட்டால், நூற்றில் தொண்ணூறு பேச்சு அங்கேயே நின்றுவிடும். தீர விசாரிப்பதே மெய் என்று நம் பாட்டிமார் சொல்லிவைத்த பழமொழியைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மனப்பாடமாகக் கற்பிக்கிறோம். இந்த மூன்று கேள்விகளை வழக்கமாகக் கற்பித்தோமில்லை. மொட்டைக் கடிதத்தைப் படிக்காமல் கிழிக்கும் மாமனார், தெருமுனையில் கேட்டதை நம்பாமல் பெண் வீட்டாரிடமே நேரில் சென்று பேசும் மாப்பிள்ளை, இத்தகையவர்கள் ஓர் ஊரில் பத்துப் பேர் இருந்தால் போதும். அந்த ஊரில் பழி சொல்லிப் பிழைப்பவர்க்கு இடமிராது.

பழிக்கப்பட்டவரிடம் நிரூபணம் கேட்பது கோழைகளின் நியாயம். ஏனெனில் அவர் ஏற்கெனவே வீழ்ந்து கிடக்கிறார், எதிர்த்துப் பேசச் சக்தியற்றவர். சொன்னவரிடம் கேட்பதற்கோ துணிவு வேண்டும். உறவைப் பகைக்கவும் நட்பை இழக்கவும் ஒருப்பட வேண்டும். அந்தத் துணிவை எந்த அரசாங்கமும் நமக்கு வழங்காது, எந்த நீதிமன்றமும் நம் சார்பில் காட்டாது. அடுத்த முறை நம் காதருகே ஒருவர் குரலைத் தாழ்த்தும்பொழுது, ஆதாரத்தை அவரிடமே கேட்போமாக.